நடமாட இயலாதவர்களுக்கு மின்சார ஸ்கூட்டர்: வாங்குமுன் அளந்து பாருங்கள்



விலைவாசி, வரி, தராசு முத்திரை என்று எழுத வேண்டிய நமது இதழில் இம்முறை ஒரு வண்டியைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். காரணம் உண்டு. நம்மில் அறுபதைக் கடந்தவர்கள் அநேகர். நாற்பது வருடம் கல்லாவுக்கும் கிட்டங்கிக்கும் இடையே நின்றும் நடந்தும் தேய்ந்துபோன முழங்கால்கள் நம்முடையவை. மூட்டுத் தேய்மானம், சர்க்கரையால் மரத்துப்போன பாதம், பக்கவாதம் என்று ஏதாவது ஒன்று வந்து கடை முதலாளி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கடை என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே பேட்டரியில் ஓடும் சிறு ஸ்கூட்டர்கள் இப்போது நம் ஊர்களில் விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒன்றை அவசரப்பட்டு வாங்கிப் பணத்தையும் மனதையும் நோகடித்துக்கொண்டவன் நான். எனக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேர வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

எங்களுடையது மதுரையில் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம். பில் போடுவதும் பாக்கி வசூலிப்பதும் என் பொறுப்பு. வத்தல் கொள்முதல் முழுக்க என் அண்ணன் கையில். முண்டு வத்தலோ சம்பாவோ, ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் நசுக்கி, காம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஈரம் இருக்கு, இன்னும் ரெண்டு வெயில் காயணும்" என்பார். அந்தச் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. 2022-ஆம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருந்தது, புத்தியும் தெளிவாக இருந்தது. கால்தான் வரவில்லை.

அவர் வீட்டிலிருந்த ஆறாவது மாதம், நிறத்தைப் பார்த்து மயங்கி நான் எடுத்த 60 மூட்டை வத்தல் கிட்டங்கியில் பூசணம் பிடித்தது. பாதி விலைக்குத் தள்ளினேன். இதைக் கேள்விப்பட்ட அண்ணன், "என்னைத் தூக்கிக்கிட்டாவது கடைக்குப் போ தம்பி" என்றார். மறுநாள் இரண்டு சுமை தூக்கும் தொழிலாளர்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார்கள். வழியெல்லாம் தெரிந்த முகங்கள். அன்று மாலை வீடு திரும்பியவர் அதற்குப் பிறகு கடைக்கு வருகிறேன் என்று கேட்கவே இல்லை. அந்த மௌனம்தான் என்னை ஸ்கூட்டர் விற்பவரிடம் ஓட வைத்தது.

விற்றவர் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். எவ்வளவு பட்ஜெட், என்ன நிறம். நம் கடைக்குப் பத்து கிலோ பருப்பு வாங்க வருகிறவரிடம்கூட "வீட்டுக்கா, ஓட்டலுக்கா" என்று கேட்டுத்தான் கொடுக்கிறோம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சிவப்பு நிறத்தில் மூன்று சக்கர வண்டி ஒன்றை எழுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்து, அன்றைக்கே கொண்டுவந்து இறக்கினேன்.

இந்த வண்டிகளில் கைப்பிடிக்குக் கீழே இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகடு உண்டு. வலது கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி முன்னே போகும். இடது கட்டைவிரலால் அழுத்தினால் பின்னே வரும். விரலை எடுத்துவிட்டால் மின்காந்த பிரேக் பிடித்துத் தானே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அண்ணனுக்கு வலது கை இல்லை. கடை வாசலில் உட்கார வைத்துச் சாவியைத் திருகிக் கொடுத்தோம். அவர் வழக்கில் இருந்த இடது கையால் அழுத்தினார். வண்டி பின்னால் பாய்ந்து பக்கத்துக் கடை வாசலில் அடுக்கியிருந்த எண்ணெய் டின்களில் மோதியது. டின் இரண்டு நசுங்கியதோடு போயிற்று. பக்கத்துக் கடைக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

விற்றவரைக் கூப்பிட்டேன். தகட்டை இடது கைக்கு மாற்றி அமைக்கலாம் என்றார். பல மாடல்களில் அது முடியும் என்பது உண்மை. மெக்கானிக் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அம்மா வண்டியைப் பார்த்துவிட்டு, வாங்குவதற்கு முன் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். முதுகுக்கு அணை இல்லாமல் பத்து நிமிடம் சாயாமல் உட்காருகிறாரா? இரண்டு கையையும் முன்னே நீட்டிக் கைப்பிடியைத் திருப்ப முடிகிறதா? வலது பக்கத்திலிருந்து ஒரு ஆள் குறுக்கே வந்தால் கண்ணில் படுகிறாரா? பக்கவாதத்தில் கை கால் மட்டுமல்ல, ஒரு பக்கத்துப் பார்வையும் குறைவதுண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்குப் பார்வை சரியாக இருந்தது. ஆனால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. ஒற்றைக் கையால் கைப்பிடியை வளைக்கும்போது கட்டைவிரல் தகட்டில் நிலைத்து நிற்கவில்லை. தகட்டை எந்தப் பக்கம் மாற்றினாலும் இந்த வண்டி அவருக்கு ஆகாது.

திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். பில்லின் அடியில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அதே வரியை என் பில் புத்தகத்திலும் முப்பது வருடமாக அச்சடித்து வந்திருக்கிறேன் என்பதால் எனக்கு வாயடைத்துப் போயிற்று. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையானால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் வண்டியில் பழுதில்லையே. பழுது என் தெரிவில் அல்லவா இருந்தது!

ஆகவே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஸ்கூட்டரா, சக்கர நாற்காலியா என்பது. ஸ்கூட்டர் என்பது கை நன்றாக இருந்து, உடம்பை நிமிர்த்தி உட்கார முடிந்து, நாலு அடி நடந்து ஏறி இறங்கத் தெம்புள்ளவருக்கு. நீண்ட தூரம் நடக்கவோ நிற்கவோ முடியாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் வேலைக் காண்டிராக்டராக இருந்த ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடை தளர்ந்த தம் குடும்பத்தவர் ஒருவருக்காக 1968-இல் இந்த மாதிரி வண்டியைச் செய்தார். 'அமிகோ' என்று பெயர் வைத்து அதையே தொழிலாக்கிக்கொண்டார். அந்த நாளிலிருந்து இன்றுவரை இது கை இருப்பவர்களுக்கான வண்டிதான். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கும், இடுப்புக்கு மேலே பலம் இல்லாதவருக்கும், கைப்பிடிப் பக்கத்தில் சிறு குச்சி வைத்த மின்சார சக்கர நாற்காலி ஏற்றது. ஒரு விரலால் குச்சியைச் சாய்த்தால் போதும், அந்தத் திசையில் போகும். குச்சியை இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துத் தருவார்கள். கால் இரண்டும் போய் கை பலமாக உள்ள இளவயதினருக்கு இன்னொரு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கப்பட்டு 2020-இல் வெளிவந்த 'நியோபோல்ட்' போல, கையால் தள்ளும் நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இணைப்பு. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும்.

இனி ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு ஆகாத அந்தச் சிவப்பு வண்டி இரண்டு மாதம் கிட்டங்கி மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில் என் முழங்கால்களும் கைவிட்டன. கடைக்கும் கிட்டங்கிக்கும் முன்னூறு அடி தூரம், ஒரு நாளைக்கு இருபது முறை. சரி, நாமே ஓட்டிப் பார்ப்போம் என்று சாவியைத் திருகினால் விளக்குகூட எரியவில்லை. பேட்டரி செத்துவிட்டது. ஈயப் பேட்டரியைச் சார்ஜ் இறக்கிய நிலையில் போட்டு வைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து திரும்ப எழும்பாது. உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கவனிப்பின்மைக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று கைவிரித்துவிட்டார்கள். புதிதாக இரண்டு பேட்டரி போட்டுத்தான் வண்டி என் வண்டியானது. அதில் அமர்ந்து கற்றதைச் சொல்கிறேன்.

பேட்டரிதான் இதன் உயிர். பெரும்பாலான சிறு வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். என்னுடையது 20 ஆம்பியர் மணி. 24-ஐ 20-ஆல் பெருக்கினால் 480. அதாவது ஒருமுறை முழுதாக ஏற்ற அரை யூனிட், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் அதற்குச் சற்று மேலே. கரண்ட் செலவு பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது பேட்டரி மாற்றும் செலவு. ஈயப் பேட்டரி நம் ஊர் வெயிலுக்கு இரண்டு வருடம் ஓடினால் லாபம். லித்தியம் விலை கூடுதல், எடை குறைவு, ஆயுள் பல மடங்கு. தினசரி ஓட்டுபவர் லித்தியத்துக்குக் கூடுதல் பணம் போடலாம், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பவருக்கு ஈயமே போதும் என்பது என் கணக்கு. விளம்பரத் தாளில் 20 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைப்பது 12. என் எடையும், நிறுத்தி நிறுத்திப் போவதும், தெருவின் மேடு பள்ளமும் அந்தத் தாளில் கிடையாது. சொன்னதில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

இரவில் சார்ஜ் ஏற்றும் இடம் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். கிட்டங்கியில் சாக்கு, சணல், அட்டைப் பெட்டி, எல்லாம் நெருப்புக்கு நண்பர்கள். சிமெண்டுத் தரையில், காற்றோட்டமான இடத்தில், சரக்கிலிருந்து தள்ளி நிறுத்தி, அந்த வண்டிக்கென்று கொடுத்த சார்ஜரை மட்டும் உபயோகிக்க வேண்டும்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா? மூன்று சக்கரம் குறுகலான இடத்தில் திரும்பும், கால் வைக்க இடம் தாராளம். மூட்டை அடுக்குகளுக்கு நடுவே புகுந்து போக அதுதான் தோது. ஆனால் வேகத்தோடு சட்டென்று ஒடித்தாலும், பின் சக்கரம் ஒன்று சரிவின் ஓரத்தில் இறங்கினாலும் பக்கவாட்டில் கவிழும். நானே ஒருமுறை கவிழ்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். நான்கு சக்கரம் நிலையாக நிற்கும், திரும்புவதற்கு இடம் அதிகம் கேட்கும். கடைக்குள் ஓட்ட மூன்று, தெருவில் ஓட்ட நான்கு என்று பொதுவாகச் சொல்லலாம். எதுவானாலும் வாங்குமுன் ஒரு டேப்பை எடுத்துக் கடை நடையின் குறுகலான இடத்தையும், கதவையும், திரும்ப வேண்டிய முனையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் வண்டியையே கடைக்கு வரவழைத்து ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் தரை வழவழப்பான டைல்ஸ் தரை. அதில் எந்த வண்டியும் ஓடும்.

படி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். எங்கள் கடை வாசல் தெருவிலிருந்து 14 அங்குலம். 14 அடிச் சாய்தளம் போட்டால் சாக்கடையைத் தாண்டி நடுத்தெருவில் நிற்கும். நான்கைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கிட்டங்கிச் சந்தின் பக்கத்துக் கதவு 5 அங்குலம்தான் என்பது தட்டுப்பட்டது. அங்கே 5 அடிக்குச் சிமெண்டில் போட்டு, இரு ஓரமும் இரண்டு அங்குலம் வரப்பு கட்டினேன். வரப்பு கட்டியது கவிழ்ந்து விழுந்த பிறகு. மேலே கதவுக்கு முன்னால் வண்டி நேராக நிற்கச் சமதளமும் வேண்டும். சிறிய வண்டிகளின் அடிப்பகுதி தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். சாய்தளம் முடியும் இடம் கூர்மையாக இருந்தால் வயிறு தட்டி நின்றுவிடும்.

சின்ன விஷயங்கள் சில. இருக்கை பக்கவாட்டில் திரும்பிப் பூட்டிக்கொள்ளுமா என்று பாருங்கள், முழங்கால் வலிக்காரர் இறங்க அதுதான் வழி. தாங்கும் எடையில் உட்காருபவரின் எடையோடு கூடையில் வைப்பதும் சேரும். 136 கிலோ என்று விசித்திரமாகப் போட்டிருந்தால் அது வெளிநாட்டு 300 பவுண்டுக் கணக்கு. காரில் ஏற்ற மடக்கும் மாதிரி வேண்டுமென்றால், கழற்றிய பகுதிகளில் கனமானதை உங்கள் வீட்டில் தூக்கப்போகிறவரையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை விடுவித்தால் வண்டியைத் தள்ளிப் போகலாம், ஆனால் அப்போது பிரேக் கிடையாது. சரிவில் ஆளை வைத்துக்கொண்டு அதைத் தொடவே கூடாது, சிறுவர்கள் கைக்கும் எட்டக் கூடாது. மழையில் நனைத்தால் கைப்பிடியில் உள்ள மின்பலகை போய்விடும். இன்னொன்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: மூட்டை தைக்கும் சணல் நூல் தரையில் கிடந்தால் பின் அச்சில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை வண்டியைச் சாய்த்துக் கத்தியால் அறுத்து எடுக்கிறோம்.

பில் வாங்கும்போது கவனியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகள், மோட்டார் உள்ளவையும் சேர்த்து, 8713 என்ற தலைப்பில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் வருகின்றன. பேட்டரியைத் தனியாக வாங்கினால் அதற்கு விகிதம் வேறு. 250 வாட்டுக்கும் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் உள்ள பேட்டரி வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமாகாது, பதிவும் லைசென்சும் வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் இரண்டும் வேண்டும். என் வண்டியின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டு லாரி போகும் சாலையில் இறங்க நான் தயாரில்லை. நடைபாதையில் போகலாமே என்பீர்கள். நடைபாதையில் நம் மூட்டைகள் அல்லவா இருக்கின்றன! இதில் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் என் கடை மூட்டைகளை உள்ளே இழுத்து வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வசதி குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடைகளில் வேலை பார்த்து முடங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு பேட்டரி சக்கர நாற்காலி வழங்குகிறது. மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் வருடச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத பாதிப்பு இருப்பதாக மருத்துவச் சான்று தேவை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, விற்பவரின் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த மாடலின் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பலகையும் கையிருப்பில் இருக்கின்றனவா, மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார், கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார், இதே மாடலை இரண்டு வருடம் ஓட்டிய ஒருவரின் போன் நம்பர் தர முடியுமா. நான்காவது கேள்விக்குத் தயங்குபவரிடம் நான் வாங்கமாட்டேன்.

அண்ணனுக்கு இரண்டாவதாக வாங்கியது குச்சி இடப்பக்கம் வைத்த மின்சார நாற்காலி. இம்முறை பிசியோதெரபி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணனே உட்கார்ந்து, திருப்பி, பின்னால் எடுத்து, அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். நிறத்தை யாரும் கேட்கவில்லை. காலை பத்தரைக்கு ஆட்டோவில் கிட்டங்கிச் சந்துக்கு வருகிறார். நாற்காலி இரவில் கடையிலேயே இருக்கிறது. முதல் ஒரு வாரம் கல்லாப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு சாம்பிள் பையைத் தன் மடியில் வைக்கச் சொல்லி, இடது கையால் நசுக்கிப் பார்க்கப் பழகிக்கொண்டார். வலது கை அளவுக்கு வரவில்லை என்பார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

போன மாசியில் புது வத்தல் ஒரு லாரி வந்தது. நிறம் நன்றாக இருந்தது, நான் இறக்கச் சொல்லிவிட்டேன். அண்ணன் நாற்காலியை லாரி வரைக்கும் ஓட்டிப் போய், நடு மூட்டையில் குத்தூசி போட்டு எடுக்கச் சொல்லி, நசுக்கி, முகர்ந்து, "ஏத்துங்கப்பா" என்றார். லாரி அப்படியே திரும்பிப் போயிற்று. வாடகை என் தலையில்.